எந்தக் கம்பெனியும் செய்யாத கார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் வருடம் ஆவணி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எந்தக் கம்பெனியும் செய்யாத கார் ஒன்று திருக்கழுக்குன்றம் மலையடிவாரத்தில் பூஜைக்கு வந்து நின்றது. ஓட்டி வந்தவர் என்று யாரும் இல்லை. நிறம் கருநீலம். முன்னால் கம்பெனிச் சின்னம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது, பின்னால் மாடலின் பெயர் இல்லை, நம்பர் பலகை இருந்தது, அதில் நம்பர் இல்லை. அன்று எலுமிச்சம்பழம் ஒன்று முக்கால் ரூபாய், திருஷ்டிப் பூசணிக்காய் பன்னிரண்டு ரூபாய். வரிசையில் அதற்கு முன்னால் ஒரு ஜென் காரும் பின்னால் செங்கல்பட்டு அரிசி மண்டிக்காரர் ஒருவரின் புது அம்பாசிடரும் நின்றன. ஆளில்லாத வண்டி தனக்கு முன்னால் நிற்பது என்ன நியாயம் என்று மண்டிக்காரர் கேட்டார். வந்த வரிசைதான் என்று குருக்கள் சொல்லிவிட்டார். ஆனால் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்டபோது அந்தக் கார் பதில் சொல்லாததால், கற்பூரத் தட்டோடு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். கார் பன்னிரண்டு மணிவரை நின்றது. பிறகு மாமல்லபுரம் சாலையில் திரும்பிப் போயிற்று. மலைக்குக் கழுகு வந்து சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போவதையும், பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குளத்தில் சங்கு பிறப்பதையும் பார்த்துப் பழகிய ஊர் அது. அந்த வருடம் எல்லாரும் கழுகுகள் வராமல் போனதைப் பற்றித்தான் கவலையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கார் வந்தது ஒருவரைத் தவிர மற்ற யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

அந்த ஒருவர் தாவீது. திருக்கழுக்குன்றத்தில் குடியிருந்து, செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிறவர். அப்பா காலம்வரை அச்சரப்பாக்கம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர்தான். அவர் காரே வாங்கியதில்லை, ஆனால் கார் வாங்குகிற மூன்று தாலுகாக்காரர்களும் அவர் வாயைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். காரணம் அந்த அடிவாரம். நாட்டில் புதுப்புதுக் கம்பெனிகள் வந்திறங்கிய காலம் அது. சுற்றுவட்டாரத்தில் எவர் கார் வாங்கினாலும் முதலில் மலையடிவாரத்துக்குத்தான் கொண்டுவருவார், சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஆகவே புது மாடல் பார்க்க மெட்ராஸ் ஷோரூமுக்குப் போக வேண்டியதில்லை. கண்ணாயிரத்தின் எலுமிச்சம்பழக் கடையோரம் ஞாயிறு காலை நின்றால் போதும். தாவீது ஆறரை மணி ஆராதனையை முடித்துக்கொண்டு, வேதாகமத்தை அக்குளில் இடுக்கியபடி நேராக அங்கேதான் வருவார். செங்கல்பட்டில் கணக்கு வாத்தியாராக இருந்த ஆராவமுதனும் வருவார். எந்த மாதம் எந்தக் கார் எத்தனை விற்றது என்று பேப்பரில் வருவதையெல்லாம் கத்தரித்து ஒட்டி வைத்திருப்பவர். வாத்தியாருக்கு விற்கிற காரே நல்ல கார். தாவீதுக்கு வண்டியின் முகம்தான் முக்கியம். இந்தச் சண்டை பல வருடம் ஓடியது.

"விக்குதுன்னா நல்லா கீதுன்னு அர்த்தமா வாத்யாரே? அரளி வெதகூடத்தான் விக்குது" என்பார் தாவீது. சான்ட்ரோவுக்கு டர்பன் கட்டின மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் அவர். மாட்டிஸுக்கு முழி பெருசு, சியலோவுக்கு உட்கார வசதி, பார்க்க வசதியில்லை. எந்த வண்டியானாலும் முதல் வார்த்தை குறைதான். நல்லா கீது என்று அவர் வாயிலிருந்து வந்ததாக அடிவாரத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. வீட்டிலும் அதே கதைதான். "பதினோரு வருஷமா கொழம்பு வெச்சிகினு கீறேன். உப்பு கம்மி, இல்லாட்டி உப்பு ஜாஸ்தி. நடுவுல ஒரு நாள்கூட இருந்ததில்ல" என்று அவர் மனைவி ரூத் சபையில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கார் தாவீதுக்குப் பெரிய விஷயமாகப் பட்டதற்குக் காரணம், அதை அவர் ஒரு வருடம் முன்பே பார்த்திருந்தார். காகிதத்தில். அவருடைய தம்பி ஜோஷ்வா செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டிக்கர் கடையில் வேலை பார்த்தான். நம்பர் பலகை எழுதுவான், கண்ணாடியில் வசனம் ஒட்டுவான். அண்ணனுக்கும் அவனுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவனைத் தோளில் போட்டு வளர்த்தது தாவீதுதான். கார்ப் பைத்தியமும் அண்ணனிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். தொண்ணூற்றேழாம் வருடம் சித்திரையில், ஒரு பெரிய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தான் வரைந்த காரை அவன் அடிவாரத்துக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் விரித்தான். மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் வெளிநாட்டுக் கார் கம்பெனிக்காரர்கள் தங்கியிருப்பதாக ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அவர்களிடம் காட்டப் போவதாகச் சொன்னான். விளக்கிலிருந்து கிளம்பிய ஒரே கோடு கதவுகள் வழியாக ஏறி, பின்பக்கத்தில் லேசாகத் தூக்கி முடிந்தது. போகிறவன் யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி என்று ஜோஷ்வா விளக்கினான். ஆராவமுதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தரம் குனிந்து பார்த்தார்.

தாவீதுதான் முதலில் சிரித்தார். "இன்னாடா இது, கருவாட்டுக் கூடைய எறக்கறதுக்குக் குனிஞ்ச மாதிரி பின்னால தூக்கிகினு கீது?" என்றார். அடிவாரமே சிரித்தது. உடைத்த தேங்காய் பொறுக்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். ஜோஷ்வா, "நெஜமா சொல்லுண்ணா, நல்லா இல்லையா?" என்று கேட்டான். "இத்த எடுத்துகினு வூட்டாண்ட வந்துடாத, அம்மா பயந்துக்கும்" என்றார் தாவீது. மறுபடியும் சிரிப்பு. தம்பி தாளைச் சுருட்டிக்கொண்டு மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினான். ஓட்டலில் அப்படி யாரும் தங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் மணலில் அவனுடைய செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. உடம்பு ஒதுங்கவில்லை. ஒரு வருடம் கழித்துச் சபையில் நினைவு ஆராதனை வைக்கலாமா என்று போதகர் கேட்டதற்கு, அவர்களுடைய அம்மா எல்லம்மாள், செருப்பைக் கழற்றிவைத்தவன் திரும்பி வந்து போட்டுக்கொள்ளத்தான் கழற்றியிருப்பான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்த ஆவணி ஞாயிறன்று கருநீலக் காரைச் சுற்றி எல்லாரும் நின்றுகொண்டு, வழக்கம்போல தாவீதின் முகத்தைப் பார்த்தார்கள். விளக்கிலிருந்து பின்பக்கம்வரை அதே ஒற்றைக் கோடு. அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது: "முன்னால ஓகே. பின்னாலதான் தூக்கிகினு கீது." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அடுத்த ஞாயிறு கார் வந்தபோது பின்பக்கம் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. வாத்தியார் முழம் போட்டு அளந்து பார்த்துவிட்டு உண்மைதான் என்றார். அப்புறம் ஊரே ஆளுக்கொரு யோசனை சொன்னது. ஒருவர் பக்கத்துக் கண்ணாடியை மாற்றச் சொன்னார், இன்னொருவர் சிவப்பாக்கச் சொன்னார், வைப்பரை இடது பக்கம் வைத்தால் மாதம் நூறு வண்டி கூட விற்கும் என்று ஆராவமுதன் கணக்கோடு சொன்னார். கார் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாவீது சொன்னதை மட்டும் வாரம் தவறாமல் திருத்திக்கொண்டு வந்தது.

இதற்கு அர்த்தம் சொன்னவர் கண்ணாயிரம். எலுமிச்சம்பழம் விற்பவருக்குப் பேய் பிசாசு விஷயத்தில் அனுபவம் இருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. "ஆச நெறவேறாத உசுரு அண்ணாத்த. உன் வாயால நல்லா கீதுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டா அது பாட்டுக்கு பூடும். அப்பால வராது" என்றார். அடிவாரத்தில் இதை மறுத்துப் பேச யாருக்கும் தோன்றவில்லை. வருகிற கார்களெல்லாம் பூஜை முடிந்ததும் போய்விடுகிற இடத்தில் நின்று பழகியவர்கள் அவர்கள். தாவீது அதை அப்படியே நம்பினார். தம்பி போய்ச் சேர வேண்டுமானால் ஒரு வார்த்தை போதும். தம்பியை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்தால் போதும். குறை சொல்லத் தெரியாதவரா அவர்? ஒரு குறை சொன்னால் ஒரு வாரம் வாங்கலாம். அன்றிலிருந்து சனிக்கிழமை முழுக்க ஜீப்பை ஓட்டிக்கொண்டே அடுத்த நாளைக்கான குறையை யோசித்தார்.

எல்லம்மாளுக்கு விஷயம் தெரிய வந்தது நாலாவது வாரம். ஞாயிறு காலை மகனோடு கிளம்பி வந்தாள், காரைச் சுற்றி ஒருதரம் நடந்தாள், பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள். "சுடுது. தொலவுலர்ந்து வந்துகீறான்" என்றாள். அழவில்லை. அன்று முதல் தூக்குவாளியில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து பானெட்டின்மேல் வைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குக் கார் கிளம்பும்போது எடுத்துக்கொள்வாள். சோறு குறைந்ததில்லை, ஆனால் குழம்பு ஆறினதும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்விதான்.

"இன்னாடா சொன்ன?"

"கதவு கைப்பிடி சரியில்லன்னேன்."

"நல்லா கீதுன்னு சொல்லேன்டா. கொழந்த மாதிரி நின்னுகினு கீது."

"சொன்னா பூடுவாம்மா."

"சொல்லாட்டி மட்டும் வூட்டுக்கு வரானா?"

அடுத்த ஞாயிறும் தாவீதிடம் குறை தயாராக இருந்தது.

வருடங்கள் ஓடின. ஐகான் வந்தது, பக்கத்து மறைமலை நகரில் செய்தது என்பதால் ஊர் அதை வீட்டுப் பிள்ளையாக நடத்தியது. குவாலிஸ் வந்தது, கல்யாண கோஷ்டிகள் வேன் பிடிப்பதை நிறுத்தின. ஸ்கார்பியோ வந்தது, வாங்கியவர்கள் எல்லாருக்கும் நடை மாறியது. ஆடி மாதத்தில் யாரும் புது வண்டி எடுப்பதில்லையாகையால் அடிவாரம் காலியாகக் கிடக்கும். அப்போதும் கருநீலக் கார் மட்டும் தனியாக வந்து நிற்கும், எதிரில் தாவீது தனியாக நிற்பார். குறை கண்டுபிடிக்க அவர் மிகவும் கஷ்டப்பட்டது அந்த ஆடிகளில்தான். முகப்பை அகலமாக்கு என்றார், அகலமாயிற்று. மறு வருடம் குறுக்கச் சொன்னார். விளக்கை உருட்டச் சொல்லிவிட்டுப் பிறகு சதுரமாக்கச் சொன்னார். கதவிலிருந்த ஒற்றைக் கோட்டை இரண்டாக்கச் சொல்லி, பிறகு ஒன்றுமே வேண்டாம் என்று அழிக்கச் சொன்னார். இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கடல் கரையேறிய அந்த ஞாயிறன்றும் கார் ஒன்பது மணிக்கு வந்தது. கதவிடுக்கெல்லாம் உப்புத் தண்ணீர் ஒழுகியது, சக்கரத்துக்குள் மணல். புதுப்பட்டினத்திலிருந்து ஓடி வந்தவர்கள் தேரடியில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கும் தாவீது காரைப் பார்த்து, கதவு சரியாகப் பொருந்தவில்லை என்று சொன்னார். ஆராவமுதன் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

எட்டு வருடத்தில் நானூற்றுச் சொச்சம் குறைகள். ஒவ்வொன்றையும் கார் கேட்டது. கேட்டுக் கேட்டு அது எந்த உருவமும் இல்லாததாக ஆகியிருந்தது. முன்னால் ஒரு வண்டி, நடுவில் ஒரு வண்டி, பின்னால் வெட்டிவிட்ட மாதிரி எதுவோ. புதிதாக அடிவாரத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, இது என்ன கோராமை என்று கேட்டுச் சிரிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சிரிப்பைத் தாவீது முன்பே கேட்டிருந்தார், தானே ஆரம்பித்து வைத்தது. தம்பியின் காரைத் தானே வாரம் ஒரு துண்டாகத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. ஞாயிறு ஒன்பது மணிக்கு மாமல்லபுரம் சாலையில் அது திரும்பி வருவதைக் காணும்வரை அவருக்கு உயிர் உயிராக இராது. வந்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். உடனே குறை சொல்லுவார்.

இரண்டாயிரத்து ஆறு ஐப்பசியில், தீபாவளியை ஒட்டிய ஞாயிறு, புதிதாக வெளிவந்த சின்ன கார் ஒன்றைப் புதுப்பட்டினத்துத் தம்பதி பூஜைக்குக் கொண்டுவந்தார்கள். புக் செய்து மூன்று மாதம் காத்திருந்து எடுத்ததாம். விளக்கிலிருந்து கிளம்பிய கோடு கதவு வழியாக ஏறி, பின்பக்கம் லேசாகத் தூக்கி முடிந்தது. கூட்டம் மொய்த்துக்கொண்டது. பின்னால் தூக்கியிருக்கிறது பார், அதுதான் அழகே என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஆராவமுதன் கத்தரித்த தாளை எடுத்து விற்பனை எண்ணிக்கையை வாசித்துவிட்டு, தாவீதைப் பார்த்தார். அந்தப் பெண் தாவீதிடமே வந்து, "அண்ணா, நீங்க சொன்னாத்தான் இவருக்கு நிம்மதி. எப்படி இருக்குது?" என்று கேட்டாள். தாவீது அந்தக் காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது காலண்டர் தாள்தான். "நல்லா கீதும்மா" என்றார். வாழ்க்கையில் முதல்முறை.

சொல்லிவிட்டுத் திரும்பினார். வரிசையில் இரண்டு வண்டி தள்ளிக் கருநீலக் கார் நின்றுகொண்டிருந்தது. ஒரு சொட்டு மழை இல்லாத அந்தக் காலையில் அதன் வைப்பர் ஒருதரம் அசைந்து நின்றது. மணி ஒன்பதே கால்தான். பன்னிரண்டுவரை நில்லாமல், தூக்குவாளி பானெட்டிலேயே இருக்க, அது பின்னால் நகர்ந்து, வளைந்து, போய்விட்டது. வாளி ரோட்டில் விழுந்து உருண்டது. எல்லம்மாள் வாளியை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மகனுக்குக் காத்திராமல் வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த ஞாயிறு கார் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. எல்லம்மாள் சோறு வடிப்பதை நிறுத்தினாள், ரூத் வடித்தால் தின்பதையும் நிறுத்தினாள். மூன்றாவது ஞாயிறு ஒன்பதரை மணிவரை பார்த்துவிட்டு, தாவீது அடிவாரத்திலிருந்தே மாமல்லபுரம் பஸ் ஏறினார். அந்தப் பக்கம் அவர் ஒன்பது வருடமாகப் போனதில்லை. ஆபீஸ் வேலையாக ஜீப் போக வேண்டி வந்தால் வயிற்றுவலி என்று லீவு போட்டுவிடுவார். சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் இறங்கியதும் தெரிந்தது. கார் கடலைப் பார்த்து நின்றிருந்தது. அலை முன்சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது. இரண்டு மீன்காரப் பெண்கள் அதன் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூணு வாரமாக இங்கேதான் நிற்கிறது, தண்ணிக்குள்ளே போகவும் மாட்டேன் என்கிறது, வெளியே வரவும் மாட்டேன் என்கிறது என்று சொன்னார்கள்.

தாவீது அதன் முன்னால் போய்க் கடலுக்கு முதுகு காட்டி நின்றார். வேட்டி முழங்கால்வரை நனைந்தது. என்ன குறை சொல்லப்போகிறாரோ என்று கார் காத்திருப்பதாகப் பட்டது. அதுதான் அவரை உடைத்தது.

"படம் நல்லாதான்டா இருந்துச்சு" என்றார். "பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு எனக்கு. இருவத்திரண்டு வயசுல நானும் போனேன்டா ஒரு கம்பெனி கேட்டுக்கு, புது வண்டிய ஓட்டிப் பாக்கற வேலைக்கு. எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டானுங்க. சொன்னேன். நின்னவன் எல்லாம் சிரிச்சானுங்க, வேணும்னா கழுவிக் குடுன்னானுங்க. யாரான்டயும் சொன்னதில்ல நானு. நீ இத்த எடுத்துகினு போயி அவனுங்க முன்னால நிப்பியே, சிரிப்பானுங்களேன்னுதான் பயந்தேன். அவனுங்க சிரிக்கறதுக்கு முன்னால நான் சிரிச்சுட்டா நீ போவ மாட்டன்னு நெனச்சேன். ஆனா நீ பூட்ட."

மீன்காரப் பெண்கள் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

"அந்த ஆவணில மொதமொத வந்தியே, அன்னிக்கு எப்டி இருந்தியோ அதான் சரி. அப்பால நான் சொன்னதெல்லாம் பொய். நீ வரணும்னு சொன்ன பொய். நல்லா கீது ஜோஷ்வா. ரொம்ப நல்லா கீது. போறதுன்னா போடா."

போவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் அவர் திரும்பி, மணலில் ஏறி, தோப்பைக் கடந்து, திருக்கழுக்குன்றம் சாலையில் நடந்தார். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. ஒதுங்கி வழி விட்டார். தாண்டிப் போகவில்லை. அவர் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. பதினான்கு கிலோமீட்டரும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதுதான் நமக்குத் தெரியும். முதல் ஏரிக்கரை தாண்டும்போது விளக்குகள் பழைய வடிவுக்கு வந்துவிட்டன. கிணற்றடியில் துணி துவைத்தவர்கள் பார்த்தபோது கதவில் அந்தக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஊர் எல்லையில் பின்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கிக்கொண்டது. அடிவாரத்தைக் கடந்தபோது மணி மூன்று, கண்ணாயிரம் கடையை அடைத்துக்கொண்டிருந்தார். கார் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராகத் தாவீதின் தெருவுக்குள் நுழைந்து, அவர் வீட்டு வாசலில் நின்று, எஞ்சினை நிறுத்திக்கொண்டது.

எல்லம்மாள் வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், மூத்த மகனைப் பார்த்தாள். தாவீது நடந்ததைச் சொன்னார். நல்லா கீது என்று சொன்னால் போய்விடும் என்றல்லவா நினைத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"படத்தப் பாத்து வூட்டாண்ட வராதன்னு நீதான சொன்ன?" என்றாள் எல்லம்மாள். "பெரியவன் சொன்னத மீறாத புள்ள. போயி கூட்டிகினு வர்றதுக்கு ஒம்போது வருஷமாடா ஒனக்கு?"

தாவீது தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். வாரம் ஒரு குறையாக அவர் விலை கொடுத்து வாங்கிய வாரங்களெல்லாம், அது வீட்டுக்கு வர வழியில்லாமல் மலையடிவாரத்தில் நின்ற வாரங்கள். பெரிய ஆண்பிள்ளை நடுத்தெருவில் அப்படி அழுததை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. ரூத் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

கார் அந்த வாசலிலேயே இருந்துவிட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார், எஞ்சின் நம்பர் இல்லாததால் படிவத்தில் நிரப்ப ஒன்றுமில்லை என்று டீ குடித்துவிட்டுப் போனார். வெள்ளாடுகள் மதியத்தில் அதன் அடியில் படுத்தன. மழை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் விறகை அதற்குக் கீழே தள்ளினார்கள். சாயங்காலங்களில் பின்கதவு திறக்கும், எல்லம்மாள் ஏறிக்கொள்வாள், சதுரங்கப்பட்டினம்வரை போய்க் காற்று வாங்கிவிட்டு விளக்கு வைப்பதற்குள் திரும்புவாள். எங்கே போனீர்கள் என்று கேட்டால், அவன் இஷ்டம் என்பாள். ரூத்தும் ஒன்றிரண்டு தரம் சந்தைக்குப் போய்வந்தாள், குலுக்கலே இல்லை என்றாள். தாவீது மட்டும் ஏறவில்லை. தினம் காலையில் முன்பக்க இடது கதவு அவருக்காகத் திறக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தாண்டிப்போய்ச் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நிற்பார். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. அடிவாரத்துக்குப் போவதையும் விட்டுவிட்டார். எந்தக் கார் வாங்கலாம் என்று வீடு தேடி வந்து கேட்பவர்களிடம், உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை வாங்குங்கள் என்றார். மூன்று தாலுகாவிலும் வியாபாரம் கொஞ்ச நாள் குழம்பிப்போனதாக ஆராவமுதன் சொல்லுவார்.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில், அடைமழைக்கு நடுவே, எல்லம்மாள் தூக்கத்திலேயே போய்விட்டாள். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கருநீலக் கார் பெண்களுக்குப் பின்னால், விளக்கைப் போட்டுக்கொண்டு, நடை வேகத்தில் கல்லறைத் தோட்டம்வரை வந்தது. மண் தள்ளி முடிந்ததும் போதகர் குடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார், ரூத் மற்ற பெண்களோடு முன்னால் போனாள், வாத்தியார் தாவீதின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். தாவீது மட்டும் நனைந்துகொண்டு நின்றார். தோட்ட வாசலில் காரின் முன்பக்க இடது கதவு திறந்தது. வெகுநேரம் அப்படியே திறந்திருந்தது, சீட்டில் சாரல் அடித்தது. சீட் நனைகிறதே என்றுதான் அவர் கடைசியில் போய் ஏறினார். அவருடைய நீளக் காலுக்குத் தக்கபடி சீட் பின்னால் தள்ளியிருந்தது. கதவு மூடிக்கொண்டது, ஸ்டீயரிங் தானாக வளைந்தது. வீடு அரைக் கிலோமீட்டர்தான். ஆனால் கார் அந்தப் பக்கம் திரும்பாமல், புதுப்பட்டினம் போய், கடலோரச் சாலையில் ஏறி, மாமல்லபுரத்தைச் சுற்றிக்கொண்டு சாவகாசமாக வந்தது. வழியில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் தம்பிகளுக்குள் அது வழக்கம்தான்.